பேர் பொருந்துது, ஊர் பொருந்தலையே: ஆஸ்ட்ரகாட் பத்தி வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே உயிரியப் பத்திதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஆஸ்ட்ரகாட்னா இறால், நண்டு வகையறாவச் சேர்ந்த ஒரு பொடி உயிரி, உடம்பு மொத்தத்தையும் ரெண்டு சுண்ணாம்பு ஓட்டுக்குள்ள மூடி வச்சிருக்கும், நன்னீர்ல இருக்கிறது பெரும்பாலும் ஒரு மி.மீ., ரெண்டு மி.மீ. அளவுதான். மீன்தொட்டி வளர்க்கிறவங்க சீட் ஷ்ரிம்ப்னு சொல்றது இதத்தான்.

கேள்வி: மழைத்தண்ணி தேங்கின ஒரு ஆழமில்லாத குட்டையில ஒன்றரை மி.மீ. நீளத்துல மஞ்சளும் பழுப்பும் கலந்த ஆஸ்ட்ரகாட் எக்கச்சக்கமா கிடைச்சுது. ஐரோப்பாவுக்குன்னு எழுதின கீ-ய (அடையாளத்த ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போய் கடைசியில பேரச் சொல்ற அட்டவணை) வச்சுப் பார்த்தா ஹெட்டிரோசைப்ரிஸ் இன்கான்குருயென்ஸ்னு வருது. எங்க பகுதியில இதுவரைக்கும் பதிவானதோட பட்டியல்ல அந்தப் பேரே இல்ல. முதல் பதிவுன்னு கட்டுரை எழுதலாமா?

எழுதலாம், ஆனா இன்னிக்கே வேண்டாம். நீங்க சொல்ற அளவு, நிறம், இடம் எல்லாமே அந்த ஸ்பீஷிஸுக்கு (உயிரினத்துக்கு) ஒத்துப் போகுதுதான், காஞ்சு போற குட்டை, சேத்துத்தண்ணி, மாட்டுத்தொட்டி, வாய்க்கால் ஓரம்னு உலகத்துல பாதி இடத்துல இருந்து இதப் பதிவு பண்ணியிருக்காங்க, அதனால உங்க பகுதியிலயும் இருக்கிறதுல ஆச்சரியமே இல்ல, ஆனா உங்க கையில இருக்கிறது அதுதானாங்கிறது வேற கேள்வி.

கீ-யோட குணம் என்னன்னா நீங்க எதக் கொண்டு போய்க் கொடுத்தாலும் அது ஒரு பேரச் சொல்லியே தீரும், தெரியாதுன்னு சொல்லாது. ஐரோப்பாவுக்கு எழுதின கீ-க்கு ஐரோப்பாவுல இருக்கிற ஸ்பீஷிஸ் மட்டும்தான் தெரியும். ஹெட்டிரோசைப்ரிஸ் பெரிய ஜீனஸ் (நெருங்கின ஸ்பீஷிஸ்களோட கூட்டம்), ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கான்னு எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு, அதுல ஒண்ண அந்த கீ-க்குள்ள விட்டா அது போய் உக்கார்ற நாற்காலி இன்கான்குருயென்ஸ்தான், ஏன்னா அங்க ரொம்பப் பொதுவான நாற்காலி அது. அதனால கீ சொன்னத ஒரு சந்தேகப் பேரா மட்டும் எடுத்துக்கிட்டு அங்கேயிருந்து வேலைய ஆரம்பிங்க.

மொதல்ல ஓட்டப் பாருங்க. மேலேயிருந்து பார்த்தா இடது ஓடு பெருசா இருந்து வலது ஓட்டத் தழுவிக்கிட்டு இருக்கணும், அப்புறம் ரெண்டு ஓட்டையும் பிரிச்சு வலது ஓட்டோட முன்பக்க ஓரத்துலயும் பின்பக்கக் கீழ் ஓரத்துலயும் வரிசையா சின்னச் சின்ன மொட்டு மாதிரி புடைப்பு இருக்கான்னு பாருங்க. இத மூடின ஓட்டுல பார்க்கவே முடியாது, நிறைய பேரு இங்கதான் வழுக்குறாங்க, பிரிக்காமலே கட்டுரை எழுதிடுவாங்க. ஆனா இந்தப் புடைப்பு இருந்தா ஜீனஸ் சரின்னுதான் அர்த்தம், ஸ்பீஷிஸ் உறுதின்னு இல்ல. அதுக்கு ஓட்டோட வெளிக்கோடு, உள்விளிம்போட அகலம், கால், கொம்பு (உணர்கொம்பு), வால்கிளை (உடம்போட பின்நுனியில நீட்டிக்கிட்டு இருக்கிற ஜோடி உறுப்பு) எல்லாம் வேணும்.

அடுத்தது, உங்க பகுதியில இருந்தும் பக்கத்துப் பகுதிகள்ல இருந்தும் அந்த ஜீனஸ்ல என்னென்ன ஸ்பீஷிஸ் சொல்லியிருக்காங்களோ எல்லாத்தோட மூல விவரிப்பையும் தேடி எடுங்க, அம்பது நூறு வருஷம் பழசா இருந்தாலும் சரி. இதுல ஒரு பொறி இருக்கு. ராம்டோர்ங்கிற விலங்கியலாளர் 1808-ல இதுக்குப் பேர் வச்சப்ப சைப்ரிஸ் இன்கான்குருயென்ஸ்னுதான் வச்சாரு, அதனாலதான் இன்னிக்கு எழுதும்போது அவர் பேரையும் வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போடுறோம், ஜீனஸ் மாறிடுச்சுன்னு அதுக்கு அர்த்தம். நடுவுல ரொம்ப காலம் சைப்ரினோட்டஸ் இன்கான்குருயென்ஸ்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. நீங்க பட்டியல்ல ஹெட்டிரோசைப்ரிஸ்னு மட்டும் தேடியிருந்தீங்கன்னா பழைய பேர்ல கிடக்கிற பதிவு உங்க கண்ணுல பட்டிருக்காது. முதல் பதிவுன்னு அச்சாகி வந்த பிறகு யாராவது ஒருத்தர் பழைய மீன்வள அறிக்கையில இருந்து சைப்ரினோட்டஸ்னு ஒரு வரிய எடுத்து நீட்டினா மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?

இன்கான்குருயென்ஸ்ங்கிற லத்தீன் வார்த்தைக்கே ஒத்துப்போகாததுன்னுதான் பொருள். பேரப் பொருத்துறவங்கள கிண்டல் பண்ண வச்ச மாதிரியே இருக்கும் எனக்கு.

கேள்வி: நான் பிடிச்சது ஆஸ்ட்ரகாட்தானான்னே சந்தேகம். பொடி சிப்பி மாதிரியும் இருக்கு, டாஃப்னியா (நீர்த்தெள்ளு) மாதிரியும் இருக்கு.

உயிரோட இருக்கிறப்பவே பாருங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். டாஃப்னியாவுக்கு தலை ஓட்டுக்கு வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும், தத்தித் தத்திக் குதிக்கும். ஆஸ்ட்ரகாட்டுக்குத் தலையும் உள்ளேயே, பயந்தா எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு ஓட்டை மூடிட்டுக் கல்லு மாதிரி கீழ விழும், கொஞ்ச நேரம் கழிச்சு கொம்பையும் காலையும் நீட்டிக்கிட்டு ஓடும். பொடி சிப்பின்னா ஓட்டுல வளர்ச்சிக் கோடு வட்டம் வட்டமா இருக்கும், கால்னு ஒரு நாக்கு மாதிரி சதை வரும், மூட்டு வச்ச கால் கிடையாது. இன்னொண்ணு க்ளாம் ஷ்ரிம்ப், அதுவும் ரெண்டு ஓட்டுக்குள்ள இருக்கிற ஓட்டுடலிதான், ஆனா பெருசு, பெரும்பாலானதுக்கு ஓட்டுல வளர்ச்சிக் கோடு உண்டு, காலும் பத்து ஜோடிக்குக் குறையாது. ஆஸ்ட்ரகாட் ஒவ்வொரு தடவையும் ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு புதுசா கட்டிக்கும், அதனால கோடு கிடையாது.

கேள்வி: ஒரே குட்டையில மூணு அளவுல மூணு வடிவத்துல ஓடு கிடைக்குது. மூணு ஸ்பீஷிஸா?

இதப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு, ஏன்னா நான் பண்ணின முதல் தப்பே இதுதான். ஆரம்பத்துல ஒரு குட்டையில இருந்து ரெண்டு ஸ்பீஷிஸ்னு நோட்டுல எழுதி, படம் வரைஞ்சு, அளவெல்லாம் போட்டு, பெருமையா ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போய்க் காட்டினேன், அவர் லென்ஸ்ல பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம, இதோட அம்மா எங்கன்னு மட்டும் கேட்டாரு. சின்னது ரெண்டாவது ஸ்பீஷிஸ் இல்ல, பெருசோட குட்டி.

நன்னீர் ஆஸ்ட்ரகாட் முட்டையில இருந்து வந்ததுல இருந்து பெரியவனாகறதுக்குள்ள எட்டு தடவை சட்டை உரிக்கும், அதாவது பெரியதையும் சேர்த்து ஒன்பது நிலை. ஒவ்வொரு நிலையிலயும் ஓட்டோட அளவு மட்டும் இல்ல, வடிவமும் மாறும், குட்டியோட ஓடு பின்பக்கம் ஒடுங்கி கிட்டத்தட்ட முக்கோணமா இருக்கும், கால் ஜோடி எல்லாம் முழுசா வந்திருக்காது, உள்விளிம்பும் ஒல்லியா இருக்கும். பெரியவனான பிறகு உரிக்காது, வளராது. அதனால நீளத்த அளந்து ஒரு கட்டத்தாள்ல நீளத்துக்கு எதிரா உயரத்தப் புள்ளி வைங்க, ஒரு முப்பது நாப்பது உருப்படிக்காவது. ஒரே ஸ்பீஷிஸா இருந்தா புள்ளிகள் கொத்துக் கொத்தா ஒரே சாய்வுல ஏறிப் போகும். உள்ள முட்டையோ, ஓட்டுக்குள்ளேயே நூல் மாதிரி சுருண்டிருக்கிற சூலகமோ (முட்டை உருவாகிற உறுப்பு) தெரிஞ்சா அது வளர்ந்த பெண். பேர் வைக்கிறது வளர்ந்ததுக்கு மட்டும்தான், கடைசிக்கு முந்தின நிலையில இருக்கிறத வச்சு பேர் வைக்க ஆசைப்படாதீங்க, பார்க்க ரொம்ப பெரியவன் மாதிரியே இருக்கும், ஏமாத்திடும்.

கேள்வி: முதுகுல மூணு கரும்பச்சைப் பட்டை, உருண்டையா, அரை மி.மீ.க்கு மேல கொஞ்சம். படத்த வச்சே சைப்ரிடாப்சிஸ் விடுவாங்கிற ஆஸ்ட்ரகாட்னு சொல்லலாமா?

சந்தேகப்படலாம், சொல்லக் கூடாது. அந்தப் பட்டை நல்ல அடையாளம்தான், ஆனா ஆல்கஹால்ல போட்டா நிறம் வெளுத்திடும், அதனால உயிரோட இருக்கிறப்பவே படம் எடுத்து வைங்க. அப்புறம் ஒண்ணைப் பிரிச்சு வால்கிளையப் பாருங்க, அந்தக் குடும்பத்துல அது குச்சி மாதிரி இல்லாம ஒல்லியான சாட்டை மாதிரி தேஞ்சு போய் இருக்கும். பொட்டமோசைப்ரிஸ்ங்கிற ஜீனஸுக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால ஓட்டையும் பாருங்க, அங்க வலது ஓடு இடது ஓட்ட மூடும். டென்மார்க் விலங்கியலாளர் ஓ.எஃப். முல்லர் 1776-லயே பேர் வச்ச ஸ்பீஷிஸ் விடுவா, விடுவான்னா லத்தீன்ல கைம்பெண், கிட்டத்தட்ட எங்க பார்த்தாலும் பெண் மட்டுமே கிடைக்கிற ஒரு உயிரிக்கு எப்படியோ அந்தப் பேர் அமைஞ்சு போச்சு.

கேள்வி: இருநூறு உருப்படி பார்த்துட்டேன், ஒரு ஆண் கூட இல்ல. ஆண் இல்லாம ஸ்பீஷிஸ உறுதி பண்ண முடியாதுன்னு எங்க கைடு சொல்றார்.

உங்க கைடு சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா இந்த ஜீவன்கிட்ட அது முழுசா செல்லாது. இன்கான்குருயென்ஸ எடுத்துக்கிட்டா மத்தியதரைக்கடல் சுத்துவட்டாரத்துல ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கிற கூட்டம் உண்டு, வடக்க போகப் போக பெண் மட்டும்தான், அது பாட்டுக்கு ஆண் துணை இல்லாம முட்டை போட்டு பெண்ணாவே பெத்துக்கிட்டுப் போகுது. யூசைப்ரிஸ் வைரென்ஸ்ங்கிற இன்னொரு ஆஸ்ட்ரகாட்டும் அப்படித்தான். ஆக ஆண் இல்லாதது உங்க பேர மறுக்கவும் இல்ல, உறுதிப்படுத்தவும் இல்ல. ஒரு விஷயத்துல மட்டும் அது உதவும்: புது இடத்துல ஒரு கூட்டம் ஆரம்பிக்க ஒரே ஒரு முட்டை போதும்னு ஆயிடுது, உலகம் பூரா பரவின ஸ்பீஷிஸ்ல இந்த மாதிரி பெண் மட்டுமே இருக்கிறது இவ்வளவு ஏன்னு அதுலயே பாதி விடை இருக்கு.

ஆண் கிடைச்சா விடாதீங்க, அது லாட்டரி. ஆணோட இனப்பெருக்க உறுப்பும் பெண்ணப் பிடிச்சுக்கிற கொக்கி மாதிரியான கை ரெண்டும் ஸ்பீஷிஸுக்கு ஸ்பீஷிஸ் வேறுபடும், அதுலயும் இடது கொக்கியும் வலது கொக்கியும் ஒரே மாதிரி இருக்காது, ரெண்டையும் வரையணும். கொசுறா ஒண்ணு: இந்தக் குடும்பத்துல பல ஸ்பீஷிஸோட ஆண் விந்தணு உடம்பவிட நீளம், அதத் தள்ளி விடறதுக்குன்னே உள்ள ஒரு பம்பு வச்சிருக்கு. மியன்மார்ல கிடைச்ச சுமார் 10 கோடி வருஷம் பழைய ஆம்பர் (கல்லாகிப் போன மரப்பிசின்) துண்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு பெண் ஆஸ்ட்ரகாட் உடம்புக்குள்ள அந்த ராட்சத விந்தணு அப்படியே இருந்தத 2020-ல அறிவிச்சாங்க. மில்லிமீட்டர் கூட இல்லாத பிராணி, அதுக்குள்ள அது, யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: எப்படிப் பிடிச்சு எப்படி வைக்கிறது? ஃபார்மலின்ல போட்டு வச்சேன், ஆறு மாசத்துல ஓடெல்லாம் மெத்து மெத்துன்னு ஆயிடுச்சு.

ஆகும். ஓடு கால்சைட், அதாவது சுண்ணாம்பு, ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும், அமிலம் சுண்ணாம்பத் தின்னும். ஃபார்மலின மறந்துடுங்க. ஓட்டையும் காலையும் பார்க்க 70 சதவீத ஆல்கஹால், டி.என்.ஏ. எடுக்கிற எண்ணம் இருந்தா 95-க்கு மேல, ரெண்டு பாட்டிலா பிரிச்சு வச்சுக்கிறது புத்திசாலித்தனம். நேரா ஆல்கஹால்ல தூக்கிப் போட்டா பயத்துல ஓட்ட இறுக்கி மூடிக்கிட்டே செத்துப் போகும், அப்புறம் பிரிக்கிறப்ப உடையும், அதனால கொஞ்சம் தண்ணியில விட்டு சொட்டுச் சொட்டா ஆல்கஹால் சேர்த்து மயக்கிட்டு அப்புறம் மாத்துங்க. இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கிண்ணத்துல அஞ்சு நிமிஷம் அது என்ன பண்ணுதுன்னு பாருங்க, நீந்துதா, அடியில ஊர்ந்து மட்டும் போகுதா. ரெண்டாவது கொம்புல நீளமான நீச்சல் மயிர் இருந்தாத்தான் நீந்த முடியும், கேண்டோனாங்கிற ஆஸ்ட்ரகாட் வகையறாவுக்கு அந்த மயிரே கிடையாது, அது ஊர்ந்துதான் போகும். செத்த பிறகு இந்தத் தகவல் கிடைக்காது. பிடிக்கிறதுக்கு 150-ல இருந்து 250 மைக்ரான் கண் இருக்கிற கைவலை சரியா இருக்கும், தண்ணிய மட்டும் அலசாம அடிச்சேத்தோட மேல்தோலையும் செடி வேரையும் உரசி எடுங்க, பாதி ஆள் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

பிரிக்கிறது கைப்பழக்கம். ஸ்லைடுல ஒரு சொட்டு கிளிசரின், அதுல ஒரு உருப்படி, ரெண்டு கையிலயும் பூச்சி குத்துற மெல்லிய ஊசி, ஒரு ஊசியால ஓட்ட அமுக்கிப் பிடிச்சு இன்னொண்ணால முதுகுப் பக்க கீல மெதுவா நெம்பினா ரெண்டு ஓடும் கழண்டு வந்திடும், வரலேன்னா திட்டிக்கிட்டே அடுத்த உருப்படிக்குப் போங்க. ஓடு ரெண்டையும் ஈரமான தூரிகை நுனியால எடுத்து கழுவி, குழி வச்ச அட்டை ஸ்லைடுல உலர்ந்த நிலையில வச்சிடணும், கிளிசரின்லயே விட்டா அதுவும் நாளாக நாளாக கரையும். உடம்ப கொம்பு, தாடை, கால்கள்னு ஜோடி ஜோடியா பிரிச்சு கிளிசரின்லயே கண்ணாடி மூடி ஓரத்துல நெயில் பாலிஷ் அடிச்சிடுங்க. கடைசி ஜோடிக் கால் கீழ போகாம மேல் பக்கமா வளைஞ்சு ஓட்டுக்குள்ளேயே சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கும், அத ஒடிக்காம எடுக்கிறதுதான் கஷ்டம். நான் முதல் இருபதுல ரெண்டுதான் ஒழுங்கா எடுத்தேன். ஓடும் உடம்பும் ஒரே உருப்படியோடதுன்னு ரெண்டு ஸ்லைடுலயும் ஒரே நம்பர் போட மறக்காதீங்க, இத மறந்துட்டு அப்புறம் தலையப் பிடிச்சுக்கிட்டவங்க நிறைய பேர்.

கேள்வி: இந்த ஊசி வேலையெல்லாம் எதுக்கு? டி.என்.ஏ. பார்கோட் எடுத்தா ஒரே நாள்ல பேர் தெரிஞ்சிடுமே.

தெரிஞ்சிடும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. சி.ஓ.ஐ. ஜீன்ல இருந்து 658 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து தரவுத்தளத்துல போட்டா அது பக்கத்துல இருக்கிறத காட்டும், ஆனா அந்தப் பக்கத்துல இருக்கிறதுக்கு யாரு பேர் வச்சாங்க, ஓட்டப் பிரிச்சுப் பார்த்து வச்சாங்களா, அவங்களும் கீ-ய நம்பி வச்சாங்களான்னு அது சொல்லாது. ஆஸ்ட்ரகாட்ல நிறைய ஸ்பீஷிஸுக்கு பார்கோடே கிடையாது, அதனால சரியான ஆள் இல்லாத ஊர்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரச் சொல்லிட்டுப் போகும்.

இதவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, யூசைப்ரிஸ் வைரென்ஸ்னு ஒரே பேர்ல எழுதிக்கிட்டு இருந்தத 2010-ல டி.என்.ஏ. வச்சுப் பிரிச்சப்ப 30-க்கு மேற்பட்ட மறைவு ஸ்பீஷிஸ் உள்ள இருக்குன்னு தெரிய வந்துது, கண்ணால பார்த்தா எல்லாம் ஒண்ணு, உள்ள வேற வேற. அப்போ உலகம் பூரா பரவின ஸ்பீஷிஸ்னு நாம சொல்றது நெஜமாவே ஒரு ஸ்பீஷிஸா, இல்ல நாம ஒரே பேர் எழுதி ஒட்டின ஒரு மூட்டையா? 2019-ல வந்த உலகப் பட்டியல்ல கடல் அல்லாத ஆஸ்ட்ரகாட் 2,330 ஸ்பீஷிஸ், அதுல பெரும்பாலானது ஒரே ஒரு உயிர்ப்புவியியல் பகுதிக்குள்ள மட்டும்தான் இருக்கு, உலகம் சுத்தினது கொஞ்சம் பேர்தான். அதனால உங்க கையில இருக்கிறது அந்தக் கொஞ்சம் பேர்ல ஒண்ணுன்னு சொல்லணும்னா ஆதாரம் கூடத்தான் வேணும், குறைய இல்ல. நான் பண்றது என்னன்னா ஓட்டப் பிரிச்சு அட்டையில வச்சிட்டு, மிச்ச உடம்புல இருந்து டி.என்.ஏ. எடுக்கக் கொடுக்கிறது, அப்போ ஜீனுக்கும் ஓட்டுக்கும் ஒரே நம்பர், நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டா ஓட்ட எடுத்துக் காட்டலாம்.

கேள்வி: சரி, அதே ஸ்பீஷிஸ்தான்னு வச்சுக்குவோம். எப்படி வந்திருக்கும்? அந்நிய ஆக்கிரமிப்பு இனம்னு எழுதலாமா?

வந்துதுன்னு யாரு சொன்னா? பட்டியல்ல இல்லைங்கிறதுக்கும் குளத்துல இல்லைங்கிறதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு. ஆஸ்ட்ரகாட்ட உக்காந்து பார்க்கிற ஆளே குறைவு, பல பகுதிகள்ல பட்டியல் எங்கெங்க ஆராய்ச்சி மாணவர் போனாங்களோ அந்தக் குளங்களோட பட்டியல்தான். ஆயிரம் வருஷமா அங்கேயே குடியிருக்கிற ஒண்ண நேத்து வந்தவன்னு எழுதிட்டீங்கன்னா திருத்துறது கஷ்டம்.

இது ஊர் மாறுற வழி பல உண்டு, அத மறுக்கல. குட்டையில வாழற பல ஸ்பீஷிஸோட முட்டை காய்ஞ்ச சேத்துல வருஷக்கணக்குல தாங்கும், காத்துல போகும், பறவைக் கால்ல ஒட்டிக்கும், பறவை வயித்துக்குள்ள போய் வெளிய வரும். நார்வேயில ஜி.ஓ. சார்ஸ்னு ஒரு விலங்கியலாளர் இருந்தாரு, ஆஸ்திரேலியாவுக்கு அவர் போகவே இல்ல, அங்கேயிருந்து காய்ஞ்ச சேறு வரவழைச்சு வீட்டுத் தொட்டியில தண்ணி ஊத்தினாரு, உள்ள இருந்த முட்டை பொரிஞ்சு வந்த ஆஸ்ட்ரகாட்ட வச்சே 1889-ல கட்டுரை எழுதிட்டாரு. பார்சல் சேறு கடல் தாண்டி வந்து பொரியுதுன்னா வாத்துக் கால் சேறும் பொரியும்தானே. சைப்ரிடாப்சிஸ் விடுவா இன்னும் ஒரு படி மேல, மீன் முழுங்கினா ஓட்ட இறுக்கி மூடிக்கிட்டு உயிரோட மறுபக்கமா வெளிய வந்திடுது. டார்வினுலா ஸ்டீவன்சோனிங்கிற ஆஸ்ட்ரகாட்ட நினைச்சாத்தான் எனக்குக் குழப்பம், அதுக்குக் காயறதத் தாங்குற முட்டையே கிடையாது, குட்டிய ஓட்டுக்குள்ளேயே வச்சு வளர்த்து வெளிய விடும், நீந்தவும் தெரியாது, இருந்தும் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் இருக்கு.

மனுஷன் கொண்டு போய் விட்டதுக்கு உறுதியான சாட்சியும் சில சமயம் கிடைக்கும். அங்கிலோசைத்தீர் சினுவோசான்னு ஒரு ஆஸ்ட்ரகாட், அது தனியா வாழாது, அமெரிக்க சிவப்பு க்ரேஃபிஷ் (இறால் மாதிரி ஒரு நன்னீர் உயிரி) மாதிரி ஆளுங்க உடம்பு மேல ஒட்டிக்கிட்டு வாழும். அந்த க்ரேஃபிஷ மனுஷன் ஸ்பெயினுக்குக் கொண்டு போனான், அது மேலேயே இதுவும் அங்க போய்ச் சேர்ந்திருக்கு. அங்க வழி தெளிவு, அந்நியம்னு தைரியமா எழுதலாம். உங்க குட்டையில அப்படி ஒரு க்ரேஃபிஷ் இருக்கா? மீன்குஞ்சு விட்டாங்களா, தொட்டிச் செடி கொட்டினாங்களா, வேற இடத்து நாத்து வந்துதா, விசாரிங்க, ஒண்ணும் தெரியலேன்னா இந்தப் பகுதியில இருந்து முதல் பதிவுன்னு மட்டும் எழுதுங்க. ஆக்கிரமிப்புங்கிற வார்த்தைக்கு அது மத்த உயிரிகளுக்கு ஏதாவது கெடுதல் பண்றதுன்னு காட்டணும், நிறைய இருக்குங்கிறது மட்டும் போதாது, குட்டையில ஆஸ்ட்ரகாட் நிறையத்தான் இருக்கும்.

சார்ஸ் பண்ணினத நீங்களும் பண்ணிப் பாருங்க, செலவே இல்ல. குட்டை காய்ஞ்ச பிறகு மேல்சேத்த அள்ளிட்டு வந்து காய வச்சு, கொஞ்ச நாள் கழிச்சு குளோரின் போன தண்ணி ஊத்தி வைங்க. பொரிஞ்சு வந்துதுன்னா ஒன்பது நிலையும் உங்க கண்ணு முன்னாடியே கிடைக்கும், அதோட இது அந்த இடத்துல முட்டை போட்டு நிலைச்ச கூட்டம், போன மழையில தப்பி வந்த ஒண்ணு ரெண்டு இல்லைங்கிறதுக்கும் அதுவே சாட்சி. இன்கான்குருயென்ஸ் முட்டை இதுல ரொம்ப நம்பிக்கையானது, சேத்துல நஞ்சு இருக்கான்னு பார்க்கிற ஆறு நாள் சோதனைக்கு இதோட குஞ்சத்தான் பயன்படுத்துறாங்க, 2012-ல அதுக்கு ஐ.எஸ்.ஓ. தரமே வந்திருக்கு.

கேள்வி: ஏரிக்கரை மண்ணுல வெத்து ஓடு மட்டும் கிடைச்சுது. பதிவு பண்ணலாமா?

வெத்து ஓடுன்னு சொல்லியே பதிவு பண்ணுங்க. அது போன வருஷத்து ஓடா, ஐயாயிரம் வருஷத்து ஓடான்னு பார்வையில தெரியாது, ஏரிச் சேத்துல இந்த ஓடு அப்படித் தங்கும், பழைய காலத்துத் தட்பவெப்பத்த அத வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. ஓட்டோட உட்பக்கம் நடுவுல தசைத் தழும்பு இருக்கும், டார்வினுலா குடும்பத்துக்கு அது பூ மாதிரி வட்டமா இருக்கிறதால குடும்பம் எதுன்னு சொல்ல ஓடே போதும். ஹெட்டிரோசைப்ரிஸ்ல ஓட்ட மட்டும் வச்சு ஸ்பீஷிஸ் சொல்ல வேண்டாம், உடம்போட ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் ஜீனஸோட நிறுத்திக்கிட்டு ஸ்பீஷிஸ் இடத்துல கேள்விக்குறி போடுங்க.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன் நான்தான், முன்கூட்டியே உங்ககிட்ட இருந்து பதில் வந்துது. வலது ஓட்டுல புடைப்பு இருக்கு, அளவும் சரி, பழைய பேர்ல தேடியும் எங்க பகுதியில பதிவு இல்ல. இனிமே என்ன பண்ணணும்?

சந்தோஷம். இப்ப கட்டுரையில என்னென்ன இருக்கணும்னு பாருங்க: ரெண்டு ஓட்டோட உட்பக்க, வெளிப்பக்கப் படம், முடிஞ்சா ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல, முடியலேன்னா நல்ல கோட்டுப்படம், கால் கொம்பு எல்லாத்துக்கும் வரைபடம், எத்தனை உருப்படி அளந்தீங்க, குறைஞ்சது எவ்வளவு கூடினது எவ்வளவு. குட்டையோட இடக்குறியீடு, தேதி, தண்ணியோட வெப்பம், உப்புத்தன்மை. உப்பு முக்கியம், ஏன்னா உப்புத்தண்ணிக்கு ஹெட்டிரோசைப்ரிஸ் சலைனான்னு ஒரு உறவுக்காரர் இருக்காரு, கொஞ்சம் சின்ன ஆளு, அவர் இல்லைன்னு ஒரு பத்தியில காட்டுங்க. உங்க பக்கத்துப் பகுதியில சொல்லப்பட்ட மத்த ஹெட்டிரோசைப்ரிஸ் ஒவ்வொண்ணும் எந்த வகையில உங்களோடதுல இருந்து வேறுபடுதுன்னும் எழுதணும், கட்டுரையோட உயிரே அந்தப் பத்திதான், அதத்தான் எல்லாரும் ஒரு வரியில முடிச்சிடுறாங்க. எங்கெல்லாம் உங்க கூட்டம் ஐரோப்பிய விவரிப்புல இருந்து லேசா விலகுதோ அதையும் மறைக்காம எழுதுங்க, நாளைக்கு இது தனி ஸ்பீஷிஸ்னு யாராவது பிரிச்சா உங்க அளவுதான் அவங்களுக்குக் கை கொடுக்கும்.

அப்புறம் பிரிச்ச ஸ்லைடையும் பிரிக்காத ஒரு பாட்டிலையும் உங்க மேசை டிராயர்ல வைக்காம ஒரு மியூசியத்துல பதிவு நம்பரோட கொடுத்திடுங்க, அந்த நம்பர் கட்டுரையில வரணும். பாட்டிலுக்குள்ள பென்சில்ல எழுதின சீட்டு போடுங்க, பேனா மை ஆல்கஹால்ல ஒரு வாரம் தாங்காது.

நீங்க அனுப்பின மூணாவது படத்துல இருக்கிறது மட்டும் வளர்ந்தது இல்ல, கடைசிக்கு முந்தின நிலை, அத எடுத்துட்டு வேற போடுங்க.